வண்டி வந்து நின்னப்ப என்ன பாத்தீங்க?

ஆசிரியர் சாருக்கு வணக்கம். மச்சானோட வர்க்கி பேக்கரில தீ புடிச்சப்ப 101க்கு அடிச்சோம், தீயணைப்புக்காரங்க கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்து நல்லாத்தான் அணைச்சாங்க, அதுல குறை சொல்லல. ஆனா இன்சூரன்சுக்கு ரிப்போர்ட் வாங்கினா மின்கசிவுன்னு ஒரே வரி. எறங்கினப்ப புகை கறுப்பா வெள்ளையா, (நம்ம மலையில பனி எது புகை எதுன்னே தெரியாது, அது வேற) எந்த ஜன்னல்ல தீ, கதவு பூட்டியிருந்துச்சா, மெயின் சுவிட்ச் ஆப்ல இருந்துச்சா, விறகு அடுப்பு எரிஞ்சுதா, சிலிண்டர் எங்க, காத்து எந்தப் பக்கம், ஒண்ணுமே இல்ல. தண்ணி அடிச்சு தகரத்த பிரிச்சுப் போட்டப்புறம் யாரு போய் பாக்கறது? அணைக்கறவங்கள நிக்க சொல்லல, வண்டிகிட்டயே இருக்கற டிரைவர் செல்போன்ல நாலு போட்டோ எடுத்து, மொதல்ல பாத்தவங்க சொன்னத எழுதிக்கிட்டா போதும் சார்.

ஒரு வாசகர், நீலகிரி