மனாஸ்லு பயணத்துக்குத் துணை நின்ற அனைவருக்கும் நன்றி

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆகிய ஊர்களில் வாழும் என் அன்புக்குரிய பெரியோர்களுக்கும் உடன்பிறந்தோருக்கும், இந்த மடலை மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்கப்போகும் நேபாளத்து மலைத் தோழர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்திலுள்ள மனாஸ்லு மலைக்கு, வழிகாட்டிகள் தலைமையேற்ற ஒரு குழுவோடு சென்று, உங்கள் எல்லோருடைய நல்லெண்ணத்தாலும் நலமாக வீடு திரும்பியிருக்கிறேன். 8,163 மீட்டர் உயரம் கொண்ட, உலகின் எட்டாவது உயரமான அந்த மலையின் உச்சியை நாங்கள் தொடவில்லை. ஏறக்குறைய 6,800 மீட்டர் உயரத்திலிருக்கும் மூன்றாம் முகாமிலிருந்து இறங்கிவிட்டோம். பயணச் செலவுக்குப் பணம் தந்தவர்களுக்கும், மாரியம்மன் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்களுக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

இந்த மடலின் பெரும்பகுதி எங்கள் குழுத் தலைவரான ஷெர்பா அண்ணனுக்கு உரியது. எங்களை மேலே அழைத்துச் சென்றதற்காக மட்டுமல்ல, சரியான வேளையில் கீழே அழைத்து வந்ததற்காகவும் அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இரண்டில் எது பெரிது என்று கேட்டால், தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன். என்ன நடந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொண்டால்தான் அந்த நன்றியின் அளவு உங்களுக்குப் புரியும்.

அன்று மாலை மூன்றாம் முகாமில் காற்று அடங்கியிருந்தது, வானம் துல்லியமாக இருந்தது. அதற்கு முன்பு பல நாள்கள் தொடர்ந்து பனி பெய்ததால் அடிவார முகாமிலேயே காத்திருந்துவிட்டு ஏறியிருந்த எங்களுக்கு, மறுநாள் நான்காம் முகாம், அதற்கு அடுத்த நாள் உச்சி என்ற எண்ணத்தைத் தவிர வேறு நினைவே இல்லை. அண்ணன் மட்டும் ஒரு மண்வாரியை எடுத்துக்கொண்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டி, கூடாரங்களுக்கு மேலிருந்த சரிவுக்குப் போனார். பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம் என்றார். இடுப்பளவு ஆழத்துக்குப் பனியைத் தோண்டி, மண்வாரியின் அகலத்துக்கு ஒரு தூணைப் போலச் செதுக்கி நிறுத்தி, அதன் தலைமேல் வாரியைப் படுக்கவைத்து உள்ளங்கையால் தட்டினார். முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தட்டியபோது ஒன்றும் ஆகவில்லை. பிறகு முழங்கையிலிருந்து தட்டத் தொடங்கிய சிறிது நேரத்தில், ஒரு முழக் கனத்துக்குக் கெட்டியான மேற்பனி முழுவதும் பலகையாகப் பிரிந்து நழுவி எங்கள் காலடியில் விழுந்தது. அதற்கு அடியிலிருந்த பனியை அள்ளி என் கையுறையில் வைத்தார். பிடித்தால் ஒட்டாமல், ரவையைப் போல விரலிடுக்கில் உதிர்ந்து போயிற்று. காற்று அடித்துக் கெட்டியாக்கிய பலகை மேலே, பிடிப்பே இல்லாத மணிகள் கீழே. மனிதர்களின் எடை மேலே ஏறும்போது சரிவு முழுவதுமே விட்டுக்கொடுக்கக்கூடும் என்பதை அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்றிரவே வானொலிக் கருவியில் வந்த வானிலை அறிக்கை, உயரத்தில் வீசும் பெருங்காற்று இன்னும் சில நாள்களில் மலையின் தலைமீது இறங்கிவிடும் என்றது. பனி இறுகும் வரை காத்திருந்தால் காற்று வந்துவிடும், காற்றுக்கு முந்திக்கொண்டு போனால் அந்தச் சரிவைக் கடக்க வேண்டும். அண்ணன் ஒவ்வொரு கூடாரமாக வந்து, விடிந்ததும் இறங்குகிறோம் என்று சொன்னார். எங்கள் குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் பல மலைகளை ஏறியவர்கள். அவர்களில் சிலர் நெடுநேரம் வாதாடினார்கள், பெரும் பணமும் பல ஆண்டுப் பயிற்சியும் வீணாகிறதே என்று வருந்தினார்கள். அவர் ஒருவரையும் இடைமறிக்காமல், குரலை உயர்த்தாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முடிவை மட்டும் மாற்றவில்லை. 2012 செப்டம்பர் 23 அன்று இதே மலையில், முகாமில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது விடியுமுன் பனிச்சரிவு இறங்கிப் பதினொரு பேர் உயிரிழந்ததை அவர் எடுத்துப் பேசவில்லை. எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்தே இருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாங்கள் இறங்கிய பிறகு வேறொரு குழு அதே சரிவின் வழியாக ஏறி, உச்சியைத் தொட்டு, ஒருவருக்கும் ஒன்றும் நேராமல் திரும்பியது. அவர்களுக்காக நான் மனமார மகிழ்கிறேன். ஆனால் அவர்கள் நலமாகத் திரும்பியதால் எங்கள் தலைவரின் முடிவு பிழையாகிவிடவில்லை. பத்து முறை தாங்குகிற சரிவு பதினோராம் முறை தாங்காமல் போகலாம்; எந்த முறை அது என்று சொல்ல எவராலும் முடியாது. அந்த மாலையில் கண்முன் கிடந்த பனியை வைத்து, தன்னை நம்பி வந்தவர்களின் குடும்பங்களையும் எண்ணிப் பார்த்து ஒருவர் எடுக்கக்கூடிய முடிவு அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த முடிவால் அவருக்கும் அவருடைய ஆள்களுக்கும் நட்டம் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். இத்தகைய பயணங்களில், உடன் வரும் ஷெர்பாக்களுக்குச் சம்பளத்தோடு, ஏறுபவர் உச்சியை அடைந்தால் தனியாக ஒரு வெகுமதி கொடுப்பது வழக்கம். திரும்பிவிட்டால் அது கிடையாது. ஒரு பருவ வருமானத்தில் கணிசமான பங்கை விட்டுக்கொடுத்துத்தான் அவர்கள் எங்களைக் கீழே கூட்டி வந்தார்கள். குழுவினர் அனைவரும் கலந்து பேசி, உச்சியை அடைந்திருந்தால் கொடுத்திருக்கக்கூடிய தொகையை முழுமையாக அவர்களிடம் ஒப்படைத்தோம். வாதாடியவர்களும் மனமுவந்து கொடுத்தார்கள் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

அனுபவமுள்ள நீங்கள் ஏன் வழிகாட்டியோடு போக வேண்டும் என்று இங்கே பலர் அக்கறையோடு கேட்டார்கள். சுமார் 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியாகிவிடுகிறது. 8,000 மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். அங்கே முதலில் குன்றுவது கால் வலிமையைவிடத் தீர்மானிக்கும் திறன்தான், அதுவும் குன்றுகிறவருக்குத் தெரியாமலே குன்றும். நம் முகத்தையும் நடையையும் பேச்சையும் பார்த்து, நமக்கு முன்பே அதைக் கண்டுபிடிக்கிறவர் ஒருவர் உடன் வேண்டும். 1956 மே 9 அன்று மனாஸ்லுவின் உச்சியில் முதன்முதலாகக் கால் வைத்தவர்கள் ஜப்பானியரான தோஷியோ இமானிஷியும் ஷெர்பாவான கியால்சென் நோர்புவும். அந்த நோர்பு அதற்கு முந்தைய ஆண்டுதான் மக்காலு மலையின் உச்சியையும் அடைந்திருந்தார். தொடக்கம் முதலே அந்த மலையில் ஷெர்பாக்கள் வெறும் சுமைதூக்கிகளாக இருக்கவில்லை என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

என்னோடு கயிற்றில் இணைந்து வந்த ஷெர்பா தம்பிக்கு என் தனிப்பட்ட நன்றி. முதலாம் முகாமுக்கும் இரண்டாம் முகாமுக்கும் இடையில், தொங்கும் பனிப்பாறைகளுக்குக் கீழே, செங்குத்தான பனிச்சுவர்களில், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் ஜூமார் என்ற கருவியை நகர்த்தி ஏற வேண்டிய பகுதிதான் அந்த வழியில் என்னை மிகவும் அச்சுறுத்தியது. ஒவ்வொரு கயிறு மாறும் இடத்திலும் அவர் நின்று, என்னைக் கயிற்றோடு இணைக்கும் காராபினர் கொக்கி பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தது போதாமல், கையால் இழுத்துப் பார்த்த பிறகே நகர்ந்தார். நான் காலையில், காலணியின் அடியில் மாட்டும் முள்தகடான க்ராம்பானைக் கட்டி முடித்ததும் குனிந்து வாரைச் சரிபார்ப்பார்; என்னை ஐயுறுகிறார் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. உயிர்வளிக் குழாயில் பொருத்தும் கருவி உறைந்துவிடக் கூடாது என்பதற்காக இரவில் அதைத் தம் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உறங்கினார். உயிர்வளியை உயர் அழுத்தத்தில் அடைத்த 4 லிட்டர் உருளை ஒன்று, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் சுவாசித்தால் ஏறக்குறைய பத்து மணி நேரம்தான் வரும். அந்தக் கணக்கு முழுவதையும் அவரே நினைவில் வைத்திருந்தார்.

அடிவார முகாமின் சமையற்காரர், பசியே எடுக்காத அந்த உயரத்தில் எங்களை ஒருவேளைகூடப் பட்டினியாக இருக்க விடவில்லை. என் பெரியம்மா சீசாவில் அடைத்துக் கொடுத்த புளிக்காய்ச்சலை ஒருநாள் அவரிடம் கொடுத்தேன். அவர் நுனி விரலால் தொட்டுச் சுவைத்துவிட்டு, அதன் பிறகு நான் சோர்ந்து இறங்கி வந்த போதெல்லாம் சோற்றில் அதைப் பிசைந்து, நான் கேட்குமுன்பே கொண்டுவந்து வைத்தார். சாமாகாவுன் கிராமத்திலிருந்து அடிவார முகாமுக்குச் செங்குத்துப் பாதையில் எங்கள் பொதிகளைச் சுமந்து வந்த அவ்வூர்ப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் என் வணக்கம். கடல்கடந்து வந்து உடலுழைப்பால் வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு அவர்களுடைய உழைப்பு அந்நியமானதாக இருக்க முடியாது.

ஊருக்கு வருகிறேன். சாட்ஸ்வர்த்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமாவுக்கு, பயணத்துக்கு விதை போட்டவர் என்ற முறையில் நன்றி சொல்ல வேண்டும். அவருடைய இளமையில் இந்தியர்கள் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் குடியிருக்க முடியாது. 1891ஆம் ஆண்டில் வந்த அந்தத் தடை 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. இன்று ட்ராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரின் சங்கிலி ஏணிகளுக்குப் போகும் சென்டினல் பாதை தொடங்குவது அந்த மாகாணத்தில்தான். தடை நீங்கியதும் அவர் செய்த முதல் வேலை, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனதுதான். கறுப்பின ஆப்பிரிக்கர்களில் முதல்வராகச் சிபுசிசோ விலானே 2003இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்த செய்தி வந்த நாளிதழ்ப் பக்கத்தை வெட்டி வைத்திருந்து எங்களுக்குக் காட்டியவரும் அவரே. தென்னாப்பிரிக்காவின் மிக உயரமான சிகரமாகிய மஃபாடி 3,450 மீட்டர்தான். மனாஸ்லுவின் அடிவாரத்திலுள்ள சாமாகாவுன் கிராமமே அந்த அளவு உயரத்தில் இருக்கிறது. பனியாறு ஒன்றுகூட இல்லாத நாட்டில், குளிர்காலத்தில் சானி கணவாய்ப் பக்கம் உறையும் நீர்வீழ்ச்சிகளில் பனிக்கோடரியைப் பிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்த மலையேற்றச் சங்கத்து நண்பர்களும், அர்ஜென்டினாவிலுள்ள 6,961 மீட்டர் உயரமான அக்கோன்காகுவா மலைக்கு என்னோடு வந்தவர்களும் இல்லையென்றால், இப்படிப்பட்ட பயணத்துக்கு விண்ணப்பிக்கவே எனக்குத் தகுதி இருந்திருக்காது.

மருத்துவமனையில் எனக்காக இரவுப் பணிகளை ஏற்றுக்கொண்ட சக செவிலியர்களுக்கும், உயர நோயின் அறிகுறிகளை எனக்குப் பொறுமையாக விளக்கி மருந்துகளை எழுதிக்கொடுத்த மருத்துவருக்கும், நான் இல்லாத வாரங்களில் என் ஆயாவைக் கவனித்துக்கொண்ட அண்ணிக்கும் நன்றி. வீட்டில் இருந்தவர்கள் எவ்வளவு கவலைப்பட்டார்கள் என்பதைத் தொலைபேசியில் ஒருபோதும் காட்டிக்கொள்ளவில்லை. அது எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

கோயில் மண்டபத்தில் காலையுணவு விற்றும், வீடு வீடாகச் சென்றும் பணம் திரட்டிய மகளிர் அணியின் அக்காமார்களுக்கு வரவுசெலவுக் கணக்கை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். விரும்பும் எவரும் அதைக் கேட்டுப் பார்க்கலாம். அனுமதிக் கட்டணம், காப்பீடு, வழிகாட்டிகளின் ஊதியம் ஆகியவை போக எஞ்சிய தொகையை அவர்கள் சம்மதத்தோடு இளைஞர்களின் மலைப்பயிற்சிக்கு ஒதுக்கியிருக்கிறோம். என்னுடைய இறகு உடை, க்ராம்பான், பனிக்கோடரி, கயிற்றை இணைக்க இடுப்பில் கட்டும் ஹார்னஸ் எல்லாம் மாமா வீட்டில் இருக்கின்றன. குளிர்காலத்தில் ட்ராக்கன்ஸ்பர்க் போக விரும்பும் பிள்ளைகள் பெற்றோரோடு வந்து அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கட்டவும் அவிழ்க்கவும் நானே உடனிருந்து சொல்லித் தருவேன்.

நன்றியுடனும் அன்புடனும்,
உங்கள் வீட்டுப் பிள்ளை,
சாட்ஸ்வர்த், டர்பன்.