செயலாளரின் ஆண்டறிக்கை: கலைவிழாவில் பிள்ளைகளுக்கும் துணை தேவைப்படுவோருக்கும் பாதுகாப்பு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு மாதம் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். இசை, நடனம், நாடகம், பேச்சு என எல்லாப் பிரிவுகளிலும் விழா நல்லபடியாக நடந்தது. சென்ற பொதுக்குழுவில் நீங்கள் என்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்தீர்கள். விழாவுக்கு வரும் பிள்ளைகளுக்கும், பிறர் துணை தேவைப்படும் பெரியவர்களுக்கும் பாதுகாப்பு விதிமுறை எழுதி அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றீர்கள். அறிக்கையின் மீதிப் பகுதி முழுவதும் அதைப் பற்றித்தான்.

எழுத உட்கார்ந்தபோது முதலில் மேடையைத்தான் நினைத்தோம். அப்புறம் ஒரு பிள்ளையின் விழா நாளை மணிவாரியாக எழுதிப் பார்த்தோம். மேடையில் நிற்பது ஐந்து நிமிடம். உடை மாற்றவும், முறை வரும்வரை காத்திருக்கவும், முடிவு அறிவிக்கும்வரை மறுபடி காத்திருக்கவும் மூன்று நான்கு மணி நேரம் போகிறது. மேடையில் அரங்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒப்பனை அறை, மேடைக்குப் பின்னால் உள்ள நடைவழி, கழிவறைப் பக்கம், பின்வாசல் ஆகிய இடங்களில் யார் கண்ணும் இல்லை. அதனால் காத்திருக்கும் நேரத்தை மனதில் வைத்தே விதிமுறையை எழுதினோம்.

அதில் முதல் விதி, எந்தப் பெரியவரும் பிறர் பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்பது. நடுவர், பக்கவாத்தியக் கலைஞர், செயலாளராகிய நான் என யாருக்கும் விலக்கு இல்லை. மூத்த ஆசிரியர் ஒருவர் இதைக் கேட்டு மனம் வருந்தினார். இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்த தன்னைச் சந்தேகப்படுகிறோமா என்று கேட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். முதலில் பெற்றோரின் நம்பிக்கையைத்தான் சம்பாதிப்பார்கள். முகத்தைப் பார்த்து அவர்களை அடையாளம் காண முடியாது. பின்னணிச் சரிபார்ப்பும் பதிவான குற்றத்தை மட்டுமே காட்டும். நல்லவர்கள் எல்லோரும் கதவைத் திறந்து வைத்திருந்தால், மூடுகிறவர் தனியாகத் தெரிவார் என்று அவரிடம் சொன்னேன். விழா நாட்களில் தம் அறைக் கதவை ஒரு நாற்காலி வைத்துத் திறந்தே வைத்திருந்தார். அவருக்கு என் நன்றி.

இன்னொரு நன்றியும் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் மாலை ஒரு சிறுமியை அழைத்துப் போக மாமா என்று ஒருவர் வந்தார். பதிவுப் படிவத்தில் அவர் பெயர் இல்லை. வாசலில் நின்ற இளம் தன்னார்வலர், சிறுமியின் தாயாரைத் தொலைபேசியில் பிடிக்கும்வரை அனுப்பவில்லை. வந்தவர் உண்மையிலேயே மாமாதான். கோபமும் பட்டார். அந்தத் தன்னார்வலப் பெண் குரலை உயர்த்தவில்லை, வழியும் விடவில்லை. தன்னைவிட மூத்த ஒருவரிடம் அப்படி நிற்பது எவ்வளவு கடினம் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

சிறு பிள்ளைகள் பிரிவையே எடுத்துவிட்டால் தொல்லை இல்லையே என்று ஒரு யோசனை வந்தது. நான் உடன்படவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 19ஆம் பிரிவு பிள்ளைகளைத் தீங்கிலிருந்து காக்கச் சொல்கிறது. அதே உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு கலைகளில் பங்குபெறுவது அவர்கள் உரிமை என்கிறது. ஒன்றைச் சாக்காக வைத்து இன்னொன்றைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை.

படம் எடுப்பதில் நாம் தவறினோம். ஒரு பிள்ளையின் படம் வெளியே வரக் கூடாது என்று பெற்றோர் படிவத்திலேயே குறித்திருந்தார்கள். ஒளிப்பதிவு செய்தவருக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. காணொளியை அன்றிரவே நீக்கி, நேரில் மன்னிப்புக் கேட்டோம். சில குடும்பங்கள், தாங்கள் இருக்கும் இடம் ஒருவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில் வாழ்கின்றன. ஒரு படம், முழுப் பெயர், பள்ளியின் பெயர் மூன்றும் சேர்ந்தால் போதும், தேடி வந்துவிடலாம். அடுத்த ஆண்டு முதல் அனுமதி இல்லாதவர் பட்டியல் ஒளிப்பதிவாளர் கையில் தராமல் நிகழ்ச்சி தொடங்காது.

ஒரு பிள்ளை தனக்கு நடந்ததைச் சொன்னால் என்ன செய்வது என்று தன்னார்வலர்களுக்கு ஒரு மாலை முழுவதும் பயிற்சி தந்தோம். பதறாமல் கேட்க வேண்டும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குத் தரக் கூடாது. அவர் இப்படிச் செய்தாரா, அப்படிச் செய்தாரா என்று நாமே சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. பின்னால் நடக்கும் விசாரணையை அது கெடுத்துவிடும். பிள்ளை சொன்ன வார்த்தைகளையே நேரத்தோடு எழுதி, அன்றே பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். உடனடி ஆபத்து என்றால் நேரே காவல்துறைக்கு. விசாரிப்பது நம் வேலை இல்லை.

பெரியவர்கள் விஷயத்தில் நான் கற்றுக்கொண்டது அதிகம். குழுப்பாடலில் மறதிநோய் உள்ள ஒருவர் பாடினார். படம் எடுக்கலாமா என்று அவர் பக்கத்தில் இருந்த மகளிடம் கேட்டேன். அப்பாவையே கேளுங்கள் என்றார் மகள். கேட்டேன். பாடும்போது வேண்டாம், பாடி முடித்த பிறகு எடுங்கள் என்று தெளிவாகச் சொன்னார். எனக்கு வெட்கமாகிவிட்டது. துணை தேவைப்படுகிறவர் என்பதால் அவர் பிள்ளையாகிவிடுவதில்லை. காலையில் முடிவெடுக்க முடிந்தவர் மாலையில் களைத்திருக்கலாம். அதனால் ஒவ்வொரு முறையும் எளிய சொற்களில் கேட்டு, பதிலுக்குக் காத்திருப்பது என்று விதியைத் திருத்தியிருக்கிறோம். வேகமாக மின்னும் விளக்குகள் சிலருக்கு வலிப்பைத் தூண்டும் என்பதால், அவை வரும் நிகழ்ச்சிகளை முன்கூட்டியே அறிவித்தோம்.

விழா முடிந்ததும் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்டோம். உதவிக்கு யாரிடம் போவது என்று தெரியவே இல்லை என்றார்கள் பலர். அறிவிப்புகளைச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தோம், எல்லாம் பெரியவர்களின் கண் உயரத்தில். இனி அவர்கள் உயரத்தில், பொறுப்பாளரின் படத்தோடு ஒட்டப்படும்.

கடைசி நாள் மாலை பின்வாசலில் அரை மணி நேரம் யாரும் இல்லை. ஒருவர் கிளம்பிவிட்டார், மாற்று ஆள் வரவில்லை. எதுவும் நடக்கவில்லை என்றாலும் அதை இங்கே பதிவு செய்கிறேன். அந்த வாசலுக்கு மட்டும் முறை வைத்து நிற்க இன்னும் நான்கு பேர் வேண்டும். ஒப்பனை அறைப் பொறுப்புக்குப் பெண்கள் இருவர் தேவை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். பயிற்சிக்கான நாளை அப்போதே முடிவு செய்துவிடலாம்.

இங்ஙனம்,
செயலாளர்