இரண்டு சட்டை வாத்தியார்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சோம்பல்தான், வேறு சாக்கு சொன்னால் நீ நம்ப மாட்டாய். முழங்கால் எப்படி இருக்கிறது? படியேறுகிறாயா, இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாயா? இங்கே மூத்தவளுக்கு பெங்களூரில் வேலை கிடைத்து, போன மாதம் கிளம்பிவிட்டாள். வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. அவள் அலமாரியை ஒழிக்கப் போனவன், உள்ளே ஒரு புத்தகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பேட்மேன் காமிக்ஸ். சிரிக்காதே. 2009இல் வந்த தொகுப்பு, பெயர் ‘டூ-ஃபேஸ் அண்ட் ஸ்கேர்குரோ இயர் ஒன்’. இரண்டு வில்லன்கள் எப்படி வில்லன்களானார்கள் என்ற கதை. டூ-ஃபேஸ் பாதியை வேகமாகப் புரட்டிவிட்டேன். ஸ்கேர்குரோ பாதியைத்தான் இரண்டு தரம் படித்தேன்.

ஆளைத் தெரியுமல்லவா? சாக்குத்துணி முகமூடி, வைக்கோல், சுவாசித்தவனை அலற வைக்கும் புகை. 2005இல் வந்த பேட்மேன் படத்தில் கில்லியன் மர்ஃபி நடித்தாரே, அந்த ஆள்தான். நிஜப்பெயர் ஜானதன் கிரேன், மனோதத்துவப் பேராசிரியர். கிரேன் என்றால் நாரை. ஆளும் கொக்குக் கால்காரன். ஸ்கேர்குரோ என்றால் சோளக்கொல்லை பொம்மை, ஈழத்தில் அதை வெருளி என்பார்கள். வெருளுதல் என்றால் மிரளுதல். இவனுக்குத் தமிழில் பெயர் வைப்பதென்றால் அதைத்தான் வைக்க வேண்டும்.

இந்தத் தொகுப்பில் உள்ள கதை 2005இல் புரூஸ் ஜோன்ஸ் எழுதி ஷான் மர்ஃபி வரைந்தது. கிரேனை வளர்ப்பது அவன் கொள்ளுப்பாட்டி. பக்தி முற்றிப் பைத்தியமானவள். பையன் தப்பு செய்தால் பாழடைந்த தேவாலயத்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவாள். உள்ளே காக்கைகள். அவன் போட்டிருக்கும் கோட்டில் அவளே ஒரு ரசாயனத்தைத் தடவி வைத்திருக்கிறாள், அந்த வாசனைக்குப் பறவைகள் பாய்ந்து கொத்தும். மர்ஃபியின் கோடுகள் முள்ளுமுள்ளாக நிற்கின்றன, பார்க்கவே உடம்பு கூசுகிறது. படித்து முடித்ததும் சரி, இந்தப் பையன் இப்படி ஆகாமல் வேறெப்படி ஆவான் என்று தோன்றியது. அப்புறம் யோசித்தால் அதுதான் எனக்கு உறுத்தியது. இத்தனை சுலபமாகக் கணக்கு நேராகிவிடுகிறதே!

அதனால் பழைய கதைகளைத் தேடிப் போனேன். (ராத்திரி ஒரு மணிவரை. உன் தங்கச்சி திட்டியதை எழுதினால் தனிக் கடிதம் ஆகும்.) இவன் முதலில் வந்தது 1941இல், ‘வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்’ மூன்றாம் இதழில். எழுதியவர் பில் ஃபிங்கர். பேட்மேனையே உருவாக்கியதில் பாதிப் பங்கு அவருடையது. 1974இல் செத்துப்போன மனுஷனுக்கு, உருவாக்கியவர் வரிசையில் முறையாகப் பெயர் போட்டது 2015இல்தான். அதை விடு.

1941இல் கொள்ளுப்பாட்டியும் கிடையாது, காக்கையும் கிடையாது. கிரேன் ஒரு கல்லூரி வாத்தியார். சம்பளத்தையெல்லாம் புத்தகத்தில் கொட்டுகிறான், அதனால் நல்ல துணி கிடையாது. கூட வேலை பார்க்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் சோளக்கொல்லை பொம்மை என்று கேலி பேசுகிறார்கள். பயம் என்றால் என்ன என்று விளக்க வகுப்பறையில் துப்பாக்கியை எடுத்துச் சுட்டதில் வேலையும் போகிறது. நீங்கள் வைத்த பெயர்தானே, அப்படியே ஆகிவிடுகிறேன் என்று பொம்மை வேஷத்தைப் போட்டுக்கொண்டு, ஆட்களை மிரட்டித் தருவதைக் கூலித் தொழிலாக்கிக்கொள்கிறான். புகை கிகை எதுவும் இல்லை. 1943இல் இன்னொரு தரம் வந்துவிட்டுக் காணாமல் போனவன், 1967இல் திரும்பி வந்தபோதுதான் பயத்தை உண்டாக்கும் மருந்து அவன் கைக்கு வந்தது.

அந்த ‘சோளக்கொல்லை’யைப் படித்ததும் உனக்கு யார் ஞாபகம் வந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

நம் பிசிக்ஸ் வாத்தியாருக்கு இரண்டே சட்டை. ஒன்று வெளிர்நீலம், ஒன்று பழுப்பு. பழுப்புச் சட்டைக்கு காலர் நைந்துபோய், டெய்லரிடம் கொடுத்துத் திருப்பித் தைத்திருந்தார். உள்பக்கம் வெளியே வந்ததால் காலர் மட்டும் புதுசாக, சட்டையைவிட அடர்த்தியான நிறத்தில் தெரியும். தோளில் மஞ்சள் பை. உள்ளே எப்போதும் பிளாட்பாரக் கடையில் வாங்கிய புத்தகம். ஒருநாள் போர்டில் பெரிதாகப் பொம்மை வரைந்து, தலைக்குச் சட்டி கவிழ்த்து, காலரை மட்டும் அழுத்திக் கறுப்படித்திருந்தது. அவர் வந்து பார்த்தார். டஸ்டரை எடுத்து, காலரிலிருந்து தொடங்கி மெதுவாக அழித்தார். அப்புறம் லென்ஸ் பாடத்தைத் தொடங்கிவிட்டார். யார் வரைந்தது என்று அவர் கேட்கவே இல்லை. பின்னால் வந்த ஹெட்மாஸ்டர்தான் கேட்டார், உன் கையில் சாக்பீஸ் தூள் இருந்தது, நீ இரண்டு நாள் வெளியே நின்றாய்.

வரைந்தது நான்தான் என்று உனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, அதனால் இப்போது எழுதுகிறேன்.

காமிக்ஸுக்கு வருகிறேன். எழுதுகிறவர்கள் பத்து வருஷத்துக்கொரு தரம் இவனுடைய இளமைக்காலத்தைத் திரும்பத் தோண்டுகிறார்கள், ஒவ்வொரு தரமும் குழி ஆழமாகிறது. 1995இல் டக் மோன்ச் எழுதியதில் பள்ளிப் பையன்கள் துரத்தித் துரத்திக் கேலி செய்கிறார்கள்; அமெரிக்கப் பழங்கதையில் வரும் ஒல்லிப்பிச்சான் வாத்தியார் இகபாட் கிரேன் பெயரைச் சொல்லியே வதைக்கிறார்கள். 2005இல் கொள்ளுப்பாட்டி. 2012இல் கிரெக் ஹர்விட்ஸ் எழுதி டேவிட் ஃபின்ச் வரைந்ததில் அப்பனே விஞ்ஞானி. மகனை நிலவறையில் அடைத்துப் பயத்தை ஆராய்கிறான். ஆராய்ச்சி நடுவே மாரடைப்பில் அப்பன் செத்துவிட, பையன் பல நாள் இருட்டிலேயே கிடக்கிறான். படிக்க நெஞ்சு பதறுகிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அப்படியொரு அப்பனை நீயும் நானும் எங்கே பார்த்தோம்? குற்றவாளி அந்தப் பக்கத்தோடு போய்விடுகிறான். 1941 கதையில் குற்றவாளிகள் யாரென்றால், வராந்தாவில் நின்று சிரித்துவிட்டு அடுத்த நிமிஷம் மறந்துபோன நாலு பேர். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் கிடைத்தது, உனக்குப் பிடிக்கும். 1987இல் மைக் பார் எழுதி ஆலன் டேவிஸ் வரைந்த கதை. அதில் ஸ்கேர்குரோ தலைகீழாக ஒரு வேலை செய்கிறான்: பயத்தை உண்டாக்காமல், இருக்கிற பயத்தையும் எடுத்துவிடுகிறான். பயம் போனவர்கள் கண்மண் தெரியாமல் ஆபத்தில் போய் விழுகிறார்கள். ‘அஞ்சுவது அஞ்சாமை பேதைமை’ என்று நாம் மனப்பாடம் செய்து ஒப்பித்தோமே, அதை ஒரு வில்லன் ஆயுதமாக்கினால் எப்படியிருக்கும்! இத்தனை கதைகளில் புத்திசாலித்தனமானது இதுதான் என்பேன்.

சரி. நீ ஊரிலேயே இருக்கிறாய். வாத்தியார் வீடு இன்னும் அந்தப் பிள்ளையார் கோவில் சந்தில்தானா? அவருக்கு எண்பது தாண்டியிருக்கும். இருக்கிறாரா என்று மட்டும் விசாரித்து எழுது. அடுத்த மாதம் வருகிறேன், கூட வருவாயா? தனியாகப் போக எனக்குத் தைரியமில்லை.

புத்தகத்தையும் கொண்டுவருகிறேன். படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், மகளுடையது. எட்டாம் வகுப்பில் நீ வாங்கிப்போன இரும்புக்கை மாயாவி மாதிரி ஆகிவிடக் கூடாது.

உன்,
பாலு