தேரும் தீர்த்தமும் முடிய நிலாவெளிக்கு வா

யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

இஞ்ச எல்லாரும் சுகம். அப்பாவின்ர முழங்கால் நோ அப்படியேதான். சின்னவள் புலமைப்பரிசில் சோதினை எழுதிப்போட்டாள். கட்டையன்ர மகளுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது, அந்தக் கதையை நேரில சொல்லுறன், கடிதத்தில எழுதினால் தாள் காணாது.

ஆவணியில இஞ்ச லீவுக்கு வாறதுக்கு நீ அனுப்பின திட்டம் பாத்தன். எனக்கு அது பிடிக்கேல்லை. மூண்டு கிழமைக்குள்ள நல்லூர், சந்நிதி, நயினாதீவு, வற்றாப்பளை எண்டு கோயில்கள். பெரியம்மா வீடு, மாமியின்ர ஆக்கள், உன்ர மனிசியின்ர சித்தப்பா குடும்பம். அதுக்குப் பிறகு வான் பிடிச்சுக் கண்டி, நுவரெலியா, கதிர்காமம். இது லீவே? நீ அங்க வெளிநாட்டில இரவு வேலைக்கும் பகல் வேலைக்கும் ஓடுறதை இஞ்ச வந்தும் ஓடப்போறாய். உன்ர பிரஷர் குளிசையின்ர அளவைக் கூட்டிப்போட்டாங்களெண்டு போன மாசம் நீதானே சொன்னனி.

சித்திரை லீவுக்கு நாங்கள் நெடுந்தீவுக்குப் போனதை உனக்குச் சொல்லத்தான் எழுதுறன். குறிகட்டுவானில வள்ளம் ஏறினால் ஒரு மணித்தியாலம். எல்லாரும் என்ன செய்யிறவை? காலமை போய், குதிரை, பெருக்கு மரம், கோட்டை, புறாக்கூடு எண்டு வெயிலுக்குள்ள ஓடித் திரிஞ்சு, பின்னேர வள்ளத்தைப் பிடிக்க அடிபட்டுத் திரும்பி வாறவை. நாங்கள் அங்கயே தங்கினனாங்கள். பின்னேர வள்ளம் போனதோட அது வேற ஊர் மச்சான். இனிப் பிடிக்கிறதுக்கு ஒண்டும் இல்லை, பிந்திப்போச்சு எண்டு கத்துறதுக்கும் ஒருத்தரும் இல்லை.

தங்கின வீட்டுக்காரர்தான் சமைச்சுத் தந்தவை. அதை நான் போக முதலே பேசி வைச்சிட்டன். எங்கட சனம் சுற்றுலா போறது ஆம்பிளையளுக்கும் பிள்ளையளுக்கும்தான். பொம்பிளையளுக்குக் குசினி இடம் மாறுது, அவ்வளவுதான். மனிசி காஸ் அடுப்பும் சருவச்சட்டியும் கட்ட வெளிக்கிட்டவ, நான் விடேல்லை. முதல் நாள் சாப்பிட்ட கோப்பையைக் கழுவ விடேல்லை எண்டு கையை மடியில வைச்சுக்கொண்டு அந்தரப்பட்டுக்கொண்டிருந்தா. அடுத்த நாள் மத்தியானம் பாரைமீன் குழம்போட சாப்பிட்டிட்டு, வேப்பமர நிழலில பாயைப் போட்டுச் சரிஞ்சவ, வெயில் தாழத்தான் கண் முழிச்சா. கலியாணம் முடிச்ச நாளில இருந்து அவ பகலில நித்திரை கொண்டதை நான் கண்டதில்லை. கன்னத்தில பாயின்ர கோடு கோடா அடையாளம். "தேத்தண்ணி போடட்டே" எண்டு எழும்பி இருந்தவ, சுத்திப் பாத்துப்போட்டு, சிரிச்சுக்கொண்டு திரும்பிப் படுத்திட்டா. அந்தச் சிரிப்பை உன்ர மனிசியின்ர முகத்திலயும் நீ பாக்க வேணும்.

பெரியவனுக்கு இது ஓ.எல். சோதினை வருசம். ரியூசன் மாஸ்டர் ஒருத்தர், "இந்த நேரத்திலயோ கூட்டிக்கொண்டு போறியள்" எண்டு கேட்டவர். இந்த நேரத்திலதான் கட்டாயம் கூட்டிக்கொண்டு போக வேணும் எண்டு சொன்னன். சனியும் ஞாயிறும் இல்லாமல், விடிய அஞ்சரைக்குச் சைக்கிள் எடுக்கிற பிள்ளை. என்னோட கதைக்கிறதெண்டால் காசு கேக்கத்தான் கதைப்பான்.

அப்பா 70களில அங்க படிப்பிச்சது உனக்குத் தெரியும். அதைப்பற்றி வீட்டில ஒருநாளும் வாய் திறந்தவரில்லை. ஒரு இரவு பெரியவன் மதிலைத் தடவிப் பாத்துக்கொண்டு, "அப்பப்பா, சீமெந்தும் இல்லாமல் இந்தப் பவளக்கல்லை என்னெண்டு அடுக்கினவை?" எண்டு கேட்டான். அதில தொடங்கினவர். கல்லில இருந்து நன்னீர்க் கிணத்துக்கு வந்தார், கிணத்தில இருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கடைசியாக் குமுதினிப் படகின்ர கதைக்கு வந்தார். 1985 மே 15. நெடுந்தீவில இருந்து வெளிக்கிட்ட படகை நடுக்கடலில மறிச்சு 20க்கு மேற்பட்ட சனத்தைக் கொலை செய்ததை நாங்கள் எல்லாரும் செய்தியாத்தான் அறிஞ்சம். அவருக்கு அதில போன முகங்கள் தெரியும். தன்னட்டப் படிச்ச ஒரு பிள்ளை எந்த வாங்கில இருந்தது எண்டு சொன்னார். குரல் ஒருக்காத்தான் தளம்பினது. பெரியவன் இடையில ஒண்டும் கேக்கேல்லை. விடிய எழும்பி, ஒருத்தரும் சொல்லாமலே, அப்பாவின்ர கையைப் பிடிச்சுக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். இண்டைக்கும் ரியூசனால வந்து முதல் அவரின்ர அறைக்குத்தான் போறான்.

வீட்டில இருந்திருந்தால் இந்தக் கதை வந்திருக்காது மச்சான். அப்பா வாய் திறக்க ஒருத்தன் சைக்கிளை எடுப்பான், மற்றவள் குளிக்கப் போவாள், எனக்குச் சந்தைக்கு நேரமாகும். வயசு போனவையின்ர கதை அவசரத்துக்கு வராது. அதுக்கு எல்லாரும் ஒரு இடத்தில சும்மா இருக்க வேணும், ஒருநாள் இல்லை, ரெண்டு மூண்டு நாள் இருக்க வேணும்.

நான் உணர்ச்சிவசப்பட்டு எழுதுறன் எண்டு நினைக்காத. மருத்துவம் படிக்கிற மருமகள் ரெண்டு ஆய்வைப் பற்றிச் சொன்னவள். ஒல்லாந்தில 1,530 பேரை வைச்சுச் செய்து 2010இல வெளிவந்தது ஒண்டு. பயணம் போற ஆக்களுக்குப் போக முதலே சந்தோசம் கூடுதாம். ஆனா திரும்பி வந்தாப்பிறகு, போகாமல் நிண்ட ஆக்களுக்கும் இவைக்கும் வித்தியாசம் இல்லை. மிகவும் ஆறுதலாக் கழிச்சம் எண்டு சொன்ன ஆக்களுக்கு மட்டும்தான் அந்தச் சந்தோசம் கொஞ்சக் காலம் நிண்டிருக்கு. உன்ர வானும் கதிர்காமமும் இதில எந்தப் பக்கம் எண்டு நீயே யோசி. மற்றது அமெரிக்காவில நடந்து 2000இல வெளிவந்தது. இருதய வருத்தம் வரக்கூடிய நடுவயது ஆம்பிளையள் 12,000க்கு மேற்பட்ட ஆக்களை ஒன்பது வருசம் கவனிச்சதில, வருசா வருசம் லீவு எடுத்த ஆக்களில செத்தவை குறைவு. லீவுதான் காப்பாத்தினது எண்டு அடிச்சுச் சொல்லேலாது, சுகமா இருக்கிறவனுக்குத்தான் பயணம் போகவும் ஏலும். எண்டாலும் உன்ர குளிசையை நினைக்க எனக்கு அது மனசுக்குள்ள நிண்டிட்டுது. உன்ர அப்பா என்ன வயசில போனவர் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

மகன் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறான், எங்களோட ரெண்டு சொல்லுத் தமிழும் கதைக்கிறானில்லை எண்டு போனில நீ அழாக்குறையாச் சொன்னனி. நுவரெலியா வளைவுகளில சத்தி எடுத்துக்கொண்டு வந்தால் அவன் கதைப்பானே?

ஆவணியில நெடுந்தீவு வேண்டாம். சோளகக் காத்து அடிக்கிற காலம், கடல் குழம்பும், வெயிலுக்கு ஊரும் காய்ஞ்சு கிடக்கும், உங்கட அம்மாவை வள்ளத்தில ஏத்தேலாது. கிழக்குக் கரையில அந்த நேரம் கடல் அமைதி. அதாலதான் நிலாவெளி எண்டு சொல்லுறன். நல்லூரில தேரும் தீர்த்தமும் முடியட்டும். வவுனியாவுக்குப் போய், ஹொரவப்பொத்தானையால திருகோணமலைக்கு இறங்குவம். ரெண்டு குடும்பமும், என்ர அப்பாவும் உங்கட அம்மாவும். கோணேசர் கோயிலுக்கு ஒருநாள் காலமை, வேணுமெண்டால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு ஒரு பின்னேரம், அதோட சரி. மிச்ச நேரமெல்லாம் கடற்கரை. அம்மாவைச் சம்மதிக்க வைக்கிறது என்ர பொறுப்பு. கோணேசரின்ர பேரைச் சொன்னால் அவ முதல் ஆளா வெளிக்கிடுவா.

பெரியம்மா கோவிப்பா எண்டுதானே உனக்குப் பயம்? வீடு வீடா ஏறி, ஒவ்வொரு வீட்டிலயும் ரோல்ஸும் சோடாவும் குடிச்சுக்கொண்டு அரை மணித்தியாலம் இருக்கிறதை விடு. மரக்கறி விரதம் முடிய ஒரு ஞாயிறு எங்கட வளவில ஒடியல் கூழ் காய்ச்சுறம். பெரியம்மா, மாமி ஆக்கள், சித்தப்பா குடும்பம், கட்டையன், எல்லாரும் வரட்டும். பிலாவிலை கோலுறது உன்ர வேலை, நீ கோலின பிலாவில கூழ் நிக்காது எண்டு கட்டையன் இப்பவே சொல்லுறான். வானுக்கு மிச்சம் பிடிக்கிற காசை நிலாவெளியில சமைச்சுத் தாற இடமாப் பாத்துக் குடுப்பம். அதில மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டன்.

உன்ர மகனுக்கு நீந்தத் தெரியுமோ எண்டு கேட்டுச் சொல்லு. புறாத்தீவுக்குப் பெரியவனோட அவனையும் விடலாம், அங்க முருகைக்கல்லும் மீனும் பாக்கலாம். ஆவணியில அந்தப் பக்கம் அறை கிடைக்கிறது கஷ்டம். இந்தக் கிழமைக்குள்ள திகதியை எழுது, நான் முற்பணம் கட்டிவிடுறன்.

அன்புடன்,
உன்ர மச்சான்