தவறிப்போன கட்டைகளைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெல்டா மாவட்டங்களின் கைத்தொழில்களைப் பற்றி நம் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது, படமும் நன்றாகவே போடுகிறீர்கள். ஆனால் எதைப் படித்தாலும் எத்தனை குடும்பம் செய்கிறது, என்ன விலை, பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருகிறார்களா என்பதோடு முடிந்துவிடுகிறது. செய்கிறவர் எந்த இடத்தில் தயங்குகிறார், எதை வைத்து 'சரி, இது போதும்' என்று முடிவு பண்ணுகிறார் என்று யாரும் கேட்டு எழுதுவதில்லை. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் படித்த செய்திகளும் அப்படித்தான் இருந்தன. நாதஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதால் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் செய்வது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆனால் புது ஆச்சா உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கழற்றுகிற தூணையும் உத்திரத்தையும்தான் ஆசாரிகள் தேடி வாங்குவார்கள், ஏனென்றால் பச்சை மரம் காயக் காயச் சுருங்கும், வளையும், வெடிக்கும், துளை போட்டபின் அது நடந்தால் சுருதி போச்சு. பல வருஷம் ஒரு வீட்டைத் தாங்கி நின்று, ஆட வேண்டிய ஆட்டமெல்லாம் ஆடி ஓய்ந்த மரம்தான் வேண்டும்.

எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பா ஒரு பாரி நாதஸ்வரம், அதாவது நீளமான வகை, செய்யச் சொல்லியிருந்தார், வாங்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரே நாளில் வாங்கி வந்துவிடலாம் என்று போனது நான்கு நாள் ஆயிற்று. உலவு என்கிற நடுக்குழலைக் கடைந்து, உள்ளே மேல்பக்கம் குறுகலாகவும் கீழே போகப் போக அகலமாகவும் துளைத்து, அடியில் விரிந்திருக்கிற வாய்ப்பகுதியான அணைசையும் வாகை மரத்தில் செய்து பொருத்தி வைத்திருந்தார் ஆசாரி. என் கண்ணுக்கு அது முழு நாதஸ்வரம், அவருக்கு இன்னும் வெறும் கட்டை. அப்பா வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை நனைத்து மாட்டி ஊதுவார், ஆசாரி கண்ணை மூடிக் கேட்பார், "மத்திமம் கொஞ்சம் கீழ நிக்குது ஆசாரியாரே" என்று 'ம' சுரத்தைப் பற்றி அப்பா சொன்னால் அந்தத் துளையை ஒரு மயிரிழை சுரண்டிவிட்டுத் திரும்ப ஊதச் சொல்வார். துளை அகலமானால் சுரம் ஏறும். ஆனால் சுரண்டின மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாதே, அதனால் ஒவ்வொரு தடவையும் வேண்டியதில் பாதிதான் சுரண்டுவார். விரல் வைக்கிற 7 துளைகள் போக இன்னும் 5 துளைகள் உண்டு, அவை அலங்காரத்துக்கு என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அவற்றில் மெழுகை வைத்தும் எடுத்தும்தான் சுருதியைச் சேர்ப்பது. மத்தியானம் தாண்டியதும், "இன்னிக்குப் போதும் தம்பி, காது அலுத்துப்போச்சு, இனிமே தொட்டா தப்பாத்தான் தொடுவேன்" என்று கருவியைக் கீழே வைத்துவிட்டார். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை.

பட்டறை மூலையில் ஏழெட்டு உலவுகள் கிடந்தன. பாதி துளைத்தது, விரிசல் விட்டது, ஒரே ஒரு துளை மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சுரண்டப்பட்டது. விளையாட ஒன்றை எடுத்தேன். "அதை வச்சிடுப்பா, அதைப் பாத்துத்தான் அடுத்ததைச் செய்வேன்" என்றார். கைத்தொழில் பற்றி அதற்குப் பிறகு எவ்வளவோ படித்துவிட்டேன், இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பாரி நாதஸ்வரமே இப்படித்தான் உருவானது. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் (1898–1956) பக்கத்து ஊரான நரசிங்கம்பேட்டையின் ரங்கநாதன் ஆசாரியும் சேர்ந்து கண்டது அது. அதற்கு முன் இருந்த திமிரி வகை நாதஸ்வரம் குட்டையானது, சுருதி உச்சம், சுத்த மத்திமம் (இரண்டு 'ம'வில் கீழானது) துளையில் தானாக நிற்காது, வாசிக்கிறவர் மூச்சாலும் விரலாலும் சமாளிக்க வேண்டும். பிள்ளை கேட்டார், ஆசாரி செய்தார் என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள், அதில் எனக்குச் சம்மதம் இல்லை. வாசிக்கிறவருக்கு எந்தச் சுரம் உதைக்கிறது என்று தெரியும், மரத்தில் எங்கே கை வைப்பது என்று தெரியாது. ஆசாரிக்கு மரம் தெரியும், ஆனால் குழலை நீட்டினால் துளைகள் எல்லாம் இடம் மாறும், மாறின துளைக்கு மனுஷன் விரல் எட்ட வேண்டும், எட்டினாலும் ராகத்தில் அது எப்படிப் பேசும் என்பது வாசித்தால்தான் தெரியும். ஊதிப் பார்த்து, மாற்றி, மறுபடி ஊதிப் பார்க்காமல் அது வந்திருக்கவே முடியாது.

சீவாளி தனிக் கதை, நாணலைப் பக்குவப்படுத்தி அதைச் செய்கிறவர்கள் வேறு.

என் வேண்டுகோள் சின்னதுதான். மாதம் ஒரு முறை அரைப்பக்கம் ஒதுக்குங்கள், ஒரு மாதத்துக்கு ஒரு பொருள் போதும். சுவாமிமலையில் மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் பூசுகிற ஸ்தபதி, தஞ்சாவூரில் பலாக் கட்டையைக் குடைகிற வீணை ஆசாரி, நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்பவர் என்று நம் பக்கத்தில் ஆளுக்கா பஞ்சம்? நிருபர் ஒரு நாள் போய்ப் படம் எடுத்து வருவதோடு விடாமல், பொருள் தொடங்கி முடியும்வரை நாலு தடவை போகட்டும். எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள், எது வீணாய்ப் போனது என்று கேட்கட்டும். வீணாய்ப் போனதையும் படம் எடுத்துப் போடுங்கள்.

அப்பாவின் நாதஸ்வரம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கீழ்த் துளை ஒன்றில் ஆசாரி வைத்த மெழுகு அப்படியே இருக்கிறது. ஏன் அந்தத் துளையில் வைத்தார், ஏன் அவ்வளவு வைத்தார் என்று கேட்க இரண்டு பேருமே இப்போது இல்லை. உங்கள் நிருபர் வருவதாக இருந்தால் சொல்லுங்கள், பட்டறைகளுக்கு நானே கூட்டிப்போகிறேன். காலையிலேயே வரச் சொல்லுங்கள், அப்போதுதான் சுருதி பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
நாதஸ்வரக்காரர் மகன் ஒருவர்,
ஆடுதுறை.