‘யாராலும் சொல்ல முடியாது’ என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கணினிப் பகுதியில், “கணினி தரும் ரேண்டம் எண்ணை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது” என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதோடு நில்லாமல், பைத்தான் நிரல்மொழியில் ரேண்டம் எண் தரும் ‘ரேண்டம்’ (random) தொகுதியைக் கொண்டே கடவுச்சொல் உருவாக்கவும் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். படித்ததும் பதறிவிட்டேன்.

தாங்கள் அறியாததல்ல, குலுக்கிப் போட்டதுபோல் தோன்றும் அந்த எண்கள் வெறும் கணக்கு. கணக்கைத் தொடங்க விதையாகக் கொடுத்த எண் தெரிந்தால் வரிசை முழுவதும் தெரிந்துவிடும். ரேண்டம் தொகுதியின் உள்ளே இருப்பது மாட்சுமோட்டோவும் நிஷிமுராவும் 1998இல் வெளியிட்ட மெர்சென் ட்விஸ்டர் என்ற கணக்குமுறை. நிஜ நிகழ்வுகளைக் கணினியில் போலச் செய்து பார்க்கும் சிமுலேஷனுக்கு அருமையான முறை, மறுக்கவில்லை. ஆனால் அது தரும் 32 பிட் எண்களில் அடுத்தடுத்து 624 கிடைத்தால், 625ஆவது எண்ணைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். பாதுகாப்புக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை பைத்தான் ஆவணத்திலேயே இருக்கிறது. கட்டுரையாளர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லையா?

முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், கடவுச்சொல்லை மாற்ற அனுப்பும் ஆறிலக்க எண்ணுக்குக் கணினிக் கடிகாரத்தின் நொடிதான் விதை. ஒருவர் எந்த நேரத்தில் கேட்டார் என்று ஏறத்தாழத் தெரிந்தால் போதும். ஒரு நிமிடம் முன்னும் பின்னுமாக 120 விதைகளை ஓட்டிப் பார்த்தால் எண் சிக்கிவிடும். மேலாளருக்கு வந்த எண்ணையே அவர் கண்ணெதிரில் எடுத்துக் காட்டினேன். “இவ்வளவு மெனக்கெட்டு யார் செய்யப்போகிறார்கள்?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 1995இலேயே, நேரத்தையும், ஓடும் நிரல்களுக்குக் கணினி இடும் புராசஸ் எண்களையும் ஊகித்து நெட்ஸ்கேப் உலாவியின் ரகசியச் சாவியை இரண்டு பெர்க்லி மாணவர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்களே! டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில் 2006 முதல் 2008 வரை நடந்தது அதைவிடக் கொடுமை. ரகசியச் சாவிகளை உருவாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் செய்த சிறு நீக்கத்தால் விதைக்கு மிஞ்சியது புராசஸ் எண் மட்டும். எண்ணி மாளாத அளவுக்கு இருக்க வேண்டிய சாவிகள், சாவியின் ஒவ்வொரு வகையிலும் 32,768க்குள் அடங்கிப்போயின.

இன்னொரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். சீட்டுக் கலைக்கும் நிரல் ஒன்றை முன்பு இதே பகுதியில் வெளியிட்டீர்கள். ஒவ்வொரு சீட்டையும் ஏதோ ஓர் இடத்துச் சீட்டுடன் மாற்றினால் எல்லா வரிசைகளும் சமமாக வரும் என்றிருந்தது. மூன்று சீட்டுகளை இப்படிக் கலைக்க, ஒவ்வொன்றுக்கும் மூன்று இடங்கள் என்பதால், 27 வழிகள் உண்டு, வரிசைகளோ ஆறு. 27ஐ ஆறால் மீதியின்றி வகுக்க முடியுமா? சில வரிசைகள் கூடுதலாகத்தான் வரும். அப்போதே விளக்கமாகக் கடிதம் எழுதினேன். பிரசுரிக்கவும் இல்லை, ஒரு வரி பதிலும் இல்லை.

இப்போது நான் கேட்பது ஒரு சிறு திருத்தம்தான். கடவுச்சொல்லுக்கும் ஓடிபிக்கும் ரேண்டம் தொகுதி வேண்டாம், அதற்கென்றே இருக்கும் சீக்ரெட்ஸ் தொகுதியைப் பயன்படுத்துங்கள் என்று அடுத்த இதழின் அதே பக்கத்தில் போடுங்கள். உங்கள் பகுதியைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்யும் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்