திரும்பி வந்த பார்சல்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நான், அப்பா, மாடுகள் எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. நீ நலமா? சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறதா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போன் செய்தால் “மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் கூப்பிடறேன்” என்கிறாய். அந்த அப்புறம் மாசி மாதத்திலிருந்து வந்து சேரவில்லை. குறையாகச் சொல்லவில்லை, வேலை அப்படி இருக்கும். வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுகிறது, அதைப் பார்த்து ஆள் இருக்கிறான் என்று தெரிந்துகொள்கிறேன். பள்ளிக்கூடச் சங்கதி நிறையச் சேர்ந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தேர்வுத்தாள் நான்கைந்து மிச்சமிருந்தது, ஒரு பக்கம் வெறும் தாள். திருப்பினால் மூன்றாம் வகுப்புக் கணக்கு இருக்கும், நீ போட்டுப் பார்க்க வேண்டாம்.

வெயில் கொளுத்துகிறது என்று இந்த வருஷம் சின்ன வகுப்புகளுக்குத் தேர்வை முன்னாலேயே வைத்துவிட்டார்கள். ஏப்ரல் 17-ஆம் தேதியோடு பிள்ளைகள் போய்விட்டார்கள். எங்களுக்கு மாதக் கடைசி வரை வேலை. தேர்ச்சிப் பட்டியல், வருகைப் பதிவு, எமிஸ் என்கிற அரசு இணையத்தளத்தில் ஏற்ற வேண்டியது என்று தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறேன். நெட் கிடைக்க இன்னமும் தண்ணீர்த் தொட்டித் திண்ணையில்தான் ஏறி நிற்க வேண்டும். பிள்ளைகள் இல்லாவிட்டால் இந்தக் கட்டடத்தில் என் செருப்புச் சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்கிறது. முருங்கைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் சொல்லியிருக்கிறேன், ஊற்றுவாளோ மாட்டாளோ.

ஆண்டு விழா மார்ச்சில் நடந்தது. நீ வருவாய் என்று அப்பா முதல் நாள் இரவு வரை சொல்லிக்கொண்டிருந்தார். புளியமரத்தடியில் நான்கு மேசையைச் சேர்த்துப் போட்டு மேலே ஜமக்காளம் விரித்தோம், அதுதான் மேடை. அரசாங்கம் விழாவுக்கென்று கொடுத்த பணம் மைக்செட்டுக்கும் பந்தலுக்குமே சரியாகப் போய்விட்டது. அழைப்பிதழில் பெரிய குழப்பம். நம் பஞ்சாயத்துத் தலைவருக்குப் பதவிக்காலம் இந்த 2025 ஜனவரி 5-ஓடு முடிந்துவிட்டது, தேர்தலும் இல்லை. ‘முன்னாள்’ என்று போட்டால் அவருக்குக் கோபம், போடாவிட்டால் அதிகாரி கேட்பார். கடைசியில் ‘ஊர்ப் பெரியவர்’ என்று போட்டோம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். ஆனாலும் 23 பிள்ளைகளுக்கும் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கி வந்தார். ஜெயித்தவனுக்கு மட்டும் என்று ஆரம்பித்தார், நான் விடவில்லை. பரிசு விஷயத்தில் நான் எப்படி என்று உனக்குத்தான் தெரியுமே.

மாறுவேடத்தில் இரண்டாம் வகுப்புப் பையன் பாரதியார். கண்மையில் மீசை வரைந்துவிட்டோம். வெயிலில் அது கரைந்து வாய்க்குள் இறங்கிவிட்டது. “அச்சமில்லை” என்று ஒரு கையைத் தூக்கியவன், “டீச்சர் கசக்குது” என்று மைக்கிலேயே சொன்னான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் மட்டும் சிரிக்காமல், நாக்கைப் பாவாடைக்காரி ஒருத்தியின் தாவணியில் துடைத்துவிட்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தான். உன் அப்பா அவனுக்கு 50 ரூபாய் கொடுத்தார். நம் வீட்டில் அவர் யாருக்காவது 50 ரூபாய் கொடுத்துப் பார்த்திருக்கிறாயா?

படிப்பும் மோசமில்லை. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துகிறோமே, அரையாண்டு வரை எழுத்துக்கூட்டத் தெரியாமல் அரும்பிலேயே இருந்த பெண் ஒருத்தி இப்போது வாசிப்பு இயக்கப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறாள். நுழை, நட, ஓடு, பற என்று அதிலும் நான்கு படி. அவள் ‘நட’வில் இருக்கிறாள். ஆனால் ‘பற’ புத்தகத்தைத்தான் கையில் வைத்துக்கொள்வாள், அட்டை நன்றாக இருக்கிறதாம்.

காலை உணவு 2023 ஆகஸ்டில் நம் பள்ளிக்கு வந்ததிலிருந்து எட்டு மணிக்கே பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்கிறார்கள். அப்பா அம்மா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, திருப்பூரில் பனியன் வேலை என்று போய்விட்ட வீடுகளில் ஆயாக்கள் விடிந்தால் புளி தட்டப் போய்விடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் சாப்பாடு. கடைசி புதன்கிழமை பொங்கலும் சாம்பாரும் போட்டபோது ஒருத்தி இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, “லீவுல எங்க போய்த் திங்கறது டீச்சர்?” என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? நீயும் காலையில் சாப்பிடாமல் ஓடுகிறவன்தான். ஆபீஸில் காலைச் சாப்பாடு இலவசம் என்று முன்பு சொன்னாயே, இன்னும் கொடுக்கிறார்களா? கொடுக்காவிட்டாலும் ரூமில் ஏதாவது செய்து சாப்பிடு. ராகி மாவு இருந்தால் ஐந்து நிமிஷம், கூழ் காய்ச்சிவிடலாம்.

மாவு என்றதும் நினைவு வருகிறது. மார்ச் நடுவில் உனக்கு ஒரு பார்சல் போட்டேன். இந்த வருஷப் புளி இரண்டு கிலோ, கொட்டை எடுத்து நாரெல்லாம் உருவி உருண்டை பிடித்தது. ராகி மாவு மூன்று கிலோ. பகலில் ரூமில் ஆள் இருக்காது என்று ஆபீஸ் விலாசத்துக்கே போட்டேன். அது திரும்பி வந்துவிட்டது. மேலே பேனாவில் ‘லெஃப்ட்’ என்று எழுதியிருந்தது. உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “லெஃப்ட்னா இடது பக்கம்தானே? இடது பக்கக் கட்டடம்னு எழுதியிருக்கான் போல. நீ சரியா எழுதலை” என்றார். நானும் இருக்கும் என்றேன். பெரிய கட்டடம், ஆயிரம் பேர் இருப்பார்கள், ஆள் தெரியாமல் போயிருக்கும். விலாசம் மாறியிருந்தால் ஒரு வரி எழுது.

பணம் இந்த மாதமும் ஐந்தாம் தேதி வந்தது. அனுப்ப வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்வது? என் சம்பளம் எங்கள் இரண்டு பேருக்கும் தாராளம். பால் காசு வேறு வருகிறது. உன் பணத்தைத் தொடவே இல்லை, அப்படியே பாங்கில் கிடக்கிறது. வேண்டுமென்றால் திருப்பிப் போடுகிறேன், சொல்.

சரி, சேர்க்கை விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் 1-லிருந்தே சேர்க்கை. தப்பட்டை அடித்து, ‘அரசுப் பள்ளி நம் பெருமை’ என்று பேனர் பிடித்து, மூன்று தெருவும் சுற்றி வந்தோம். எதிரே தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வந்தது, நாங்கள்தான் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டோம். அங்கன்வாடியில் ஐந்து பிள்ளைகள் தயாராக இருந்தார்கள். மூன்று பேர் நமக்கு, இரண்டு பேர் வேனுக்கு. ஐந்தாம் வகுப்பில் ஏழு பேர் போகிறார்கள், ஆக ஜூனில் 19. உன்னை அந்த வேனில் ஏற்றிவிட்டுத்தான் நான் இந்தப் பள்ளிக்கு சைக்கிள் மிதித்தேன் என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. இந்த வருஷம் ஒருவர் கேட்டுவிட்டார்.

போகிற ஏழு பேரில் ஒரு பையன். ஆயா வீட்டில் வளர்கிறவன், நன்றாகப் படிப்பான், கணக்கில் உன் கை. அவன் அப்பா பெங்களூரில் கொத்தனார். ஆண்டு விழாவுக்கு வந்தவர் நேராக என்னிடம் வந்து, “டீச்சர், உங்க பையனை நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்லதானே போட்டீங்க? எந்த ஊருன்னு சொல்லுங்க. இவனையும் அங்க போடறேன், உங்க பையன் மாதிரி ஆகட்டும்” என்றார். இந்த ஊரில் பிள்ளைக்கு உதாரணம் என்றால் நீதான் தம்பி. உன் 1,131 மார்க் இன்னும் டீக்கடையில் எல்லாருக்கும் மனப்பாடம். எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. அன்றைக்கு மட்டும் வாய் வரவில்லை. பார்க்கலாம் என்றேன்.

கடைசி நாள் ஏழு பேருக்கும் மிட்டாய் கொடுத்து போட்டோ எடுத்தோம். இவனைக் காணோம். தேடிப் போனால் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் நின்று சுவரில் சுண்ணாம்பை நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தான். ஒரு முழ அகலத்துக்குப் பெயர்த்துவிட்டான், கீழே வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது. திட்டத்தான் போனேன். என்னைப் பார்க்காமலே, “அங்க ஞாயித்துக்கிழமை போன் பேச விடுவாங்களா டீச்சர்?” என்று கேட்டான்.

விடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

2011. நீ பிளஸ் ஒன் சேர்ந்து இரண்டாவது மாதம். ஒரு ரூபாய் போனில் வரிசையில் நின்று கூப்பிட்டாய். நாலரைக்கு எழுப்புகிறார்கள், தூக்கம் வருகிறது, வந்துவிடுகிறேன் என்று அழுதாய். “அழறதுக்கா பி.எஃப்.ல கடன் வாங்கிக் கட்டினேன்? இங்க வந்து மாடு மேய்க்கப் போறியா?” என்று சொல்லி நானே போனை வைத்தேன். நீ மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன். மறந்திருக்க மாட்டாய். நீ அழுவதைக் கேட்டால் மனம் இளகிவிடும், அதனால்தான் வைத்தேன் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். அன்றைக்கு மாமா குடும்பம் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. டீச்சர் மகன் படிக்க முடியாமல் ஓடி வந்துவிட்டான் என்று அவர்கள் வாயால் பேச்சு வந்துவிடக்கூடாது என்பதுதான் என் நினைப்பாக இருந்தது. உன் நினைப்பே இல்லை.

அடுத்த ஞாயிறு கூப்பிட்டு “நல்லா இருக்கேன்மா” என்றாய். அதற்கடுத்த ஞாயிறும் அதையேதான் சொன்னாய். மஞ்சள்காமாலை வந்து பத்து நாள் படுத்திருந்தபோதும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாய், வார்டன் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. பையன் பக்குவப்பட்டுவிட்டான் என்று நான் அப்போது பெருமைப்பட்டேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று இப்போது நீ சொல்வதும் அதே குரல்தான் தம்பி. குரல் எனக்குத் தெரியாதா.

அந்தப் பையனின் அப்பாவிடம் மறுநாள் போய்ச் சொன்னேன். ஹாஸ்டல் வேண்டாம், நாலு கிலோமீட்டரில் அரசு நடுநிலைப் பள்ளி இருக்கிறது, பஸ் பாஸ் வாங்கித் தருகிறேன், ஆயாகூடவே இருக்கட்டும், சாயங்காலம் நானே கணக்குச் சொல்லித் தருகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “உங்க பையன்னா ஒரு நியாயம், எங்க பையன்னா ஒரு நியாயமா டீச்சர்?” என்றார். கத்தவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. இன்னமும் இல்லை. பையனின் மாற்றுச் சான்றிதழ் என் பீரோவில்தான் இருக்கிறது, யாரும் வாங்க வரவில்லை.

தாள் முடியப் போகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி ஒரு மணி வரை போனைப் பார்த்துக்கொண்டிருக்காதே, கடைசியாகப் பார்த்த நேரம் அதில் காட்டுகிறது. வெள்ளைப் பசு சினை. உன் அறையில் வைத்திருந்த தவிட்டு மூட்டையை எடுத்துவிட்டு வெள்ளையடித்தாயிற்று, அப்பா மின்விசிறியும் மாற்றிவிட்டார். அவருக்கு இன்னமும் அந்த ‘லெஃப்ட்’ இடது பக்கம்தான். அப்படியே இருக்கட்டும், நான் சொல்லவில்லை.

ஜூனில் பள்ளி திறக்கும் வரை வீட்டில்தான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை போன் என் கையிலேயே இருக்கும். மாமா வந்தாலும் சரி, யார் வந்தாலும் சரி, நீயாக வைக்கிற வரை நான் வைக்க மாட்டேன்.

பார்சலை இன்னும் பிரிக்கவில்லை. புளி கெடாது. மாவில் வண்டு விழுவதற்குள் வந்து எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா